உயரத்துத் திராட்சையும் குடும்பத் தோட்டமும்: ஆண்டிஸ் அடிவாரத்து மால்பெக்

‘கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்தில், எங்கள் குடும்பத் தோட்டத்தில் விளைந்தது’ என்று லேபிளில் அச்சிட்ட சிவப்பு ஒயின் குப்பிகளுக்கு மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களே, உயரத்துக்கும் குடும்பத்துக்கும் சுவையில் உண்மையாகவே பங்கு உண்டா, அல்லது இவை விற்பனைக்கான சொற்கள்தானா என்பது கேள்வி. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பது என் பதில். ஆனால் அந்தப் பங்கு எப்படிப்பட்டது என்பதை லேபிளில் உள்ள ஒரு வரி சொல்லிவிடாது. வெயில் மிகுந்து மழை அருகிய ஒரு நாட்டில் குளிர்ச்சியைத் தேடி மலையேறியவர்கள் கண்ட வழிதான் உயரம். அந்த வழி சரியா தவறா என்பது தெரிவதற்கே இருபது முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதால், அவ்வளவு காலம் காத்திருக்கக்கூடிய உரிமையாளர் ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடத்தில்தான் குடும்பம் வருகிறது. நான் ஓரளவு நன்றாக அறிந்த அர்ஜென்டினாவை, குறிப்பாக அங்கே மால்பெக் என்ற திராட்சை வகைக்கு நேர்ந்ததை வைத்து இதை விளக்குகிறேன்.

மென்டோசா மாகாணம் ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சிலியின் பக்கமே மழையையும் பனியையும் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இறங்குவதால், இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். திராட்சையைப் பொறுத்தவரை இந்த வறட்சி ஒரு பெரும் வரம். கொடியின் முதல் எதிரி இலையிலும் குலையிலும் படரும் பூஞ்சை. ஈரம் இல்லாத இடத்தில் அதற்கு வேலை குறைவு. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தும் அங்கே ஒயின் திராட்சை நிலைகொள்ள முடியாததற்கு, ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையும், கொடி ஆழ்ந்து உறங்குவதற்கான நீண்ட குளிர்காலம் இல்லாமையும் முக்கியக் காரணங்கள் என்பதை நினைத்தால், உயரம் என்ற எண் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும்.

அந்த எண்ணை அட்சரேகையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் விஸ்பர்டெர்மினென் என்ற ஊரில் சுமார் 1,100 மீட்டரில் உள்ள தோட்டங்களே ஐரோப்பாவின் மிக உயர்ந்தவற்றுள் எண்ணப்படுகின்றன. அதற்கு மேல் அங்கே பழம் பழுக்கத் திணறும். சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் ஏறத்தாழ 1,000 மீட்டர் வரை நெரெல்லோ மஸ்கலேசே என்ற சிவப்பு வகை விளைகிறது. மென்டோசா தெற்கு 33 பாகையில் இருப்பதால் 1,500 மீட்டர் வரையும் அதற்குச் சற்று மேலேயும் போக முடிகிறது. இன்னும் வடக்கே, பூமத்தியரேகைக்கு இன்னும் அருகே, சால்தா மாகாணத்தின் கல்ச்சாகிப் பள்ளத்தாக்கில் 1,700 மீட்டர் என்பது சாதாரணம்; அங்கே கொலொமே என்ற பண்ணையின் கொடிகள் 2,300 மீட்டரில் நிற்கின்றன, அதே நிறுவனத்தின் ‘அல்தூரா மாக்சிமா’ தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. ஆகவே ஐரோப்பியக் குப்பியில் 900 மீட்டர் என்று இருப்பதும் சால்தாவின் குப்பியில் 2,300 மீட்டர் என்று இருப்பதும் ஒன்றைவிட ஒன்று மேல் என்று ஒப்பிடத் தக்கவை அல்ல. இரண்டு இடங்களிலும் உழவர் தேடியது ஏறத்தாழ ஒரே தட்பவெப்பத்தைத்தான்.

உயரம் பழத்துக்குள் என்ன செய்கிறது என்பதே இந்தக் கேள்வியின் மையம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி குறைகிறது. மென்டோசா நகரம் சுமார் 750 மீட்டரில் இருக்கிறது. ஊகோ பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் உள்ள குவால்தயாரி ஏறத்தாழ 1,450 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரப் பயணம்தான், ஆனால் சராசரியில் நான்கு டிகிரி வேறுபாடு. திராட்சை உலகில் நான்கு டிகிரி என்பது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதற்குச் சமம். அதோடு மேலே காற்று மெல்லியதாகவும் வறண்டும் இருப்பதால் பகலில் ஏறிய வெப்பம் பொழுது சாய்ந்ததும் வேகமாகக் கழிந்துவிடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையே 15 முதல் 20 டிகிரி வரை வேறுபாடு காண்பது அங்கே வியப்பல்ல.

இரவுக் குளிர் ஏன் முக்கியம் என்றால், பழம் பறிக்கப்படும் வரை சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுவாசத்தில் அது எரிப்பவற்றுள் முக்கியமானது மாலிக் அமிலம். வெப்பமான இரவுகளில் இந்த அமிலம் விரைவாகத் தீர்ந்துபோய், சர்க்கரை மட்டும் ஏறிய, தட்டையான, பாகு போன்ற பழம் மிஞ்சும். குளிர்ந்த இரவில் அமிலம் எஞ்சுகிறது. ஒயினை வாயில் வைத்தவுடன் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறச் செய்து, அடுத்த வாய்க்கு அழைக்கும் அந்தப் புளிப்பு இதுதான். வெப்பமான சமவெளித் தோட்டங்களில் இதை ஈடுகட்ட டார்டாரிக் அமிலத்தைத் தனியே சேர்ப்பது வழக்கம். சட்டப்படியான, தீங்கற்ற செயல்தான் அது. ஆனால் பழத்திலேயே இருந்த புளிப்பு ஒயினோடு பிணைந்திருக்கும் விதம் வேறு என்பது என் எண்ணம்.

அடுத்தது வெயிலின் தன்மை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. மேகமற்ற மென்டோசாவில் அதன் முழு வீச்சும் குலைகள் மீது விழுகிறது. கொடியால் நிழலுக்கு நகர முடியாது. ஆகவே பழம் தன் தோலிலேயே காப்பு செய்துகொள்கிறது: அந்தோசயனின் என்ற நிறமியும் அதைச் சார்ந்த பல பீனால் சேர்மங்களும் விதைகளைக் காக்கும் திரையாகத் தோலில் சேர்கின்றன. சிவப்பு ஒயினின் நிறம், துவர்ப்பு, மணத்தின் பெரும்பகுதி எல்லாம் தோலிலிருந்தே வருவதால் இந்தக் காப்பு நேரடியாகக் குப்பிக்குள் வந்துசேர்கிறது. மென்டோசாவிலேயே வெவ்வேறு உயரங்களில் மால்பெக் குலைகளின் ஒரு பகுதிக்கு மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் கட்டி ஆய்வு செய்திருக்கிறார்கள். கதிர் படாத குலைகளில் இந்தச் சேர்மங்கள் குறைந்தன. கதிர் பட்ட பழங்கள் சிறுத்தும் தோல் செறிந்தும் இருந்தன. பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும் என்பது சிவப்பு ஒயின் செய்பவருக்குத் தனி ஆதாயம்.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் கூடுவதுதான் அரிது. குளிர்ந்த நாடுகளில் பெரும்பாலும் வெயில் குறைவு. வெயில் மிகுந்த நாடுகளில் குளிர் குறைவு. வறண்ட மலைச்சரிவு இரண்டையும் தருகிறது. இதனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. அது போதிய அளவை எட்டும்போது தோலின் துவர்ப்பும் முதிர்ந்து வழவழப்பாகியிருக்கிறது. கீழேயுள்ள வெப்பமான தோட்டங்களில் சர்க்கரை முந்திக்கொள்ளும். துவர்ப்பு முதிரக் காத்திருந்தால் ஆல்கஹால் மிகுந்துவிடும், காத்திராவிட்டால் காய்த்துவர்ப்பு நாவைப் பிடிக்கும்.

மால்பெக் இந்த மண்ணுக்கு வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பிரான்சின் தென்மேற்கில் உள்ள கயோர் பகுதியின் திராட்சை. அங்கே அதைக் ‘கோ’ என்று அழைப்பார்கள். 1853 ஏப்ரல் 17 அன்று மென்டோசாவில் ஒரு வேளாண் பள்ளியும் நாற்றுப்பண்ணையும் அமைப்பதற்கான திட்டம் மாகாண அரசிடம் முன்வைக்கப்பட்டது. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான டொமிங்கோ ஃபாஸ்டினோ சார்மியென்டோ அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். அதை நடத்த வந்த பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே பூஜே கொண்டுவந்த பதியன்களில் மால்பெக்கும் இருந்தது. அந்த நாளையே இன்று உலக மால்பெக் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஃபைலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. எஞ்சிய மால்பெக்கில் பெரும்பகுதியை 1956-இன் கடும் உறைபனி கொன்றது. அர்ஜென்டினாவில் அந்தப் பூச்சி இருந்தும் மணற்பாங்கான நிலத்தில் பெரிய அழிவைச் செய்யவில்லை என்பதால், பூச்சியைத் தாங்கும் வேறு வகை வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகளை இன்றும் அங்கே பரவலாகக் காணலாம். தாய்நாட்டில் அழிந்துபோன பல மரபு வேறுபாடுகள் இந்த அந்நிய மண்ணில் தப்பிப் பிழைத்தன.

குடும்பத்தின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. நிக்கோலா கத்தேனா என்பவர் 1898-இல் இத்தாலியின் மார்க்கே பகுதியிலிருந்து கப்பலேறி வந்து, 1902-இல் மென்டோசாவில் தம் முதல் மால்பெக் தோட்டத்தை நட்டார். மகன் டொமிங்கோ அதைப் பெரிதாக்கினார். 1960-களில் பணவீக்கம் முற்றிய ஓர் ஆண்டில் அறுவடைக் கூலி ஒயினின் விலையைவிட மிகுந்துவிட்டதாம். பொருளியல் படித்த மகன் நிக்கோலாஸ், அந்த ஆண்டு பழத்தைக் கொடியிலேயே விட்டுவிடலாம் என்று கணக்குக் காட்டினார். தந்தையோ மனம் ஒப்பாமல் பறித்தார். குடும்பத்தினரே பலமுறை சொல்லியிருக்கும் நிகழ்ச்சி இது. நட்டத்துக்கு என்று தெரிந்தே பறித்த அந்த அறுவடையை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கணக்கு மகன் பக்கம்தான் இருந்தது. ஆனால் விளைந்த பழத்தை அழுகவிடாத அந்த மனமே, அடுத்த முப்பது ஆண்டுகள் மால்பெக் கொடிகளைப் பிடுங்காமல் வைத்திருந்தது.

அது சிறிய செயல் அல்ல. 1970 வாக்கில் அர்ஜென்டினர்கள் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 90 லிட்டர் ஒயின் அருந்தினார்கள். அது சரியத் தொடங்கியதும் விலை வீழ்ந்து, 1980-களில் தோட்டங்கள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. ஒரு காலத்தில் சுமார் 50,000 ஹெக்டேர் இருந்த மால்பெக், 1990-களின் தொடக்கத்தில் சுமார் 10,000 ஹெக்டேராகச் சுருங்கியது. இன்று அது மீண்டும் 40,000 ஹெக்டேரைத் தாண்டியிருக்கிறது என்றால், நடுவில் பிடுங்காமல் விட்ட பழைய தோட்டங்களே நாற்றுக்கு மூலம்.

நிக்கோலாஸ் 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகச் சென்று, அருகிலிருந்த நாபா பள்ளத்தாக்கின் எழுச்சியைக் கண்டு திரும்பினார். தம் ஒயினை உலகத் தரத்துக்கு உயர்த்த முனைந்தபோது, பிரான்சிலிருந்து வந்த ஒரு நண்பர் அதை அருந்திவிட்டு, தம் நாட்டின் வெப்பமான லாங்டாக் பகுதி ஒயினை இது நினைவூட்டுகிறது என்றாராம். பாராட்டாகச் சொன்னதுதான், ஆனால் நிக்கோலாஸ் அதைத் தம் தோட்டங்கள் வெப்பம் மிகுந்தவை என்ற தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். மலை நோக்கி நகர்ந்து, 1992-இல் குவால்தயாரியில் ஏறத்தாழ 1,500 மீட்டரில் தம் இளைய மகள் அட்ரியானாவின் பெயரில் ஒரு தோட்டம் நட்டார். அங்கே எதுவும் பழுக்காது என்று அவருடைய தோட்ட மேலாளரே எச்சரித்தார். நட்ட கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள், அதன் ஒயின் எப்படி முதிர்கிறது என்று பார்க்க இன்னும் பத்து ஆண்டுகள். ஆண்டுதோறும் ஆதாயக் கணக்குக் காட்ட வேண்டிய பங்குதாரர்கள் உள்ள நிறுவனம் இதற்குத் துணிந்திருக்குமா என்பது ஐயமே. மூத்த மகளும் மருத்துவருமான லௌரா கத்தேனா 1995-இல் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, இந்த உயரத்தில் கொடிக்கும் மண்ணுக்கும் என்ன நேர்கிறது என்பதை அளந்து பதிவு செய்யத் தொடங்கினார். தந்தை துணிச்சலில் நட்டதை மகள் அளந்து நிறுவினார் என்று சொல்லலாம்.

இதற்கு இணையான இன்னொரு குடும்பம் சுக்கார்தி. பொறியாளரான அல்பெர்ட்டோ சுக்கார்தி தாம் உருவாக்கிய பாசன முறையை மற்ற உழவர்களுக்குக் காட்டுவதற்காகவே 1963-இல் மாயிப்பூ பகுதியில் ஒரு தோட்டம் நட்டார்; காட்சிக்காக நட்டதே பின்னர் தொழிலாயிற்று. பேரன் செபாஸ்தியான் ஊகோ பள்ளத்தாக்கின் அல்தமீராவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், மண்ணைப் படிப்பதையே தம் முதன்மை வேலையாக ஆக்கிக்கொண்டவர். ஆறு மலையிலிருந்து இறங்கும்போது விசிறிபோல் பரப்பிய கூழாங்கல்லும் மணலும் வண்டலும்தான் அந்த நிலம். கற்களின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். இருபது அடிக்கு ஓர் இடத்தில் குழி தோண்டினாலும் ஒரு குழியில் முழங்கால் ஆழத்தில் கல், அடுத்த குழியில் ஆளுயரத்துக்கு மண் என்று மாறும். ஆகவே ஒரே வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறு நாட்களில் பறித்துத் தனித்தனியே நொதிக்க வைக்கிறார்கள். ஓக் பீப்பாயின் மணம் மண்ணின் குரலை மூடிவிடக் கூடாது என்பதற்காக அவர் பெரும்பாலும் பூச்சில்லாத கான்கிரீட் தொட்டிகளையே விரும்புகிறார். அதை நான் மனமார ஏற்கிறேன். மலையின் புளிப்பையும் மூலிகை மணத்தையும் புதிய ஓக்கின் வனிலா மணத்தால் மூடிய குப்பிகள் எனக்கு எப்போதும் வருத்தம் தருகின்றன.

குடும்பம் என்ற சொல்லின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கொலொமே 1831-இல் தொடங்கப்பட்டது. சால்தாவின் கடைசி ஸ்பானிய ஆளுநராக இருந்தவர் அதைத் தோற்றுவித்தார் என்று கருதப்படுகிறது. அவருடைய மகள் 1854-இல் பிரான்சிலிருந்து கொடிகளைத் தருவித்தார். அவற்றில் சில இன்றும் காய்க்கின்றன. 2001-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெஸ் குடும்பம் அதை வாங்கியது. ஒரு குடும்பத்தின் ஒன்றரை நூற்றாண்டு உழைப்பு வேறு நாட்டுக் குடும்பத்தின் முதலீடாக மாறிய பின்னும் லேபிளில் ‘குடும்பத் தோட்டம்’ என்று எழுதுவது பொய்யாகாது. சில ஹெக்டேரில் கவாத்து முதல் குப்பியில் அடைப்பது வரை தாமே செய்யும் வீடும் குடும்பம்தான், ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்து உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நிறுவனமும் குடும்பம்தான். மென்டோசாவில் ‘கொன்ட்ராத்திஸ்தா’ என்று இன்னொரு மரபும் உண்டு: நிலம் ஒருவருடையதாக இருக்க, இன்னொரு குடும்பம் அங்கேயே தங்கிக் கொடிகளைப் பேணி, மாதப் பணத்தோடு விளைச்சலில் ஒரு பங்கும் பெறும். நம் ஊர் வாரக்குடிகளை நினைவூட்டும் ஏற்பாடு. பல பழைய தோட்டங்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இவர்களே. லேபிளில் இவர்கள் பெயர் வருவதில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

நிலத்தை விடவும் பெரிய சொத்து அங்கே தண்ணீர். ஆண்டிஸின் பனி உருகி வரும் நீரை வாய்க்காலில் திருப்பும் கலையை ஸ்பானியர் வருமுன்பே உவார்ப்பே மக்கள் அறிந்திருந்தார்கள். 1884-இல் இயற்றப்பட்ட மாகாணத் தண்ணீர்ச் சட்டத்தின்படி பாசன உரிமை நிலத்தோடு பிணைந்தது. நிலத்தைவிட்டுத் தண்ணீரை மட்டும் விற்க முடியாது. முறை வைத்து மடை திறந்துவிட ‘தொமேரோ’ என்றொருவர் இருக்கிறார். நம் ஏரிப்பாசன ஊர்களில் வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி என்ற பணியாளரை அறிந்தவர்களுக்கு அவர் அயலவர் அல்லர். பழைய குடும்பத் தோட்டங்களின் வலிமையில் பாதி இந்த உரிமைதான். ஆனால் உயரத் தோட்டங்களில் பலவும் பழைய வாய்க்கால்களுக்கு மேலே இருப்பதால் ஆழ்குழாய்க் கிணற்றையும் சொட்டுநீரையும் நம்பியே நிற்கின்றன. மலையில் பனி குறைந்துவரும் இக்காலத்தில், வெப்பத்துக்குத் தப்பி இன்னும் மேலே ஏறலாம் என்பது அத்தனை எளிதல்ல. ஏற மலை இருக்கிறது, பாய்ச்ச நீர் வேண்டும்.

வேறு இடர்களும் உண்டு. 2022 அக்டோபர் இறுதியில் தளிர்விட்ட நேரத்தில் இறங்கிய உறைபனி மென்டோசாவின் விளைச்சலை வெகுவாகக் குறைத்தது. சில நிமிட ஆலங்கட்டி மழை ஓராண்டு உழைப்பைக் கிழித்துவிடும் என்பதால் வரிசை வரிசையாக வலை கட்டுகிறார்கள். சோண்டா என்ற வெப்பக்காற்று பூக்கும் பருவத்தில் வீசினால் பிஞ்சு பிடிக்காது. விலையில் ஒரு பகுதி இவற்றுக்கானது. கைப்பறிப்பு, குறைந்த விளைச்சல், துண்டு வாரியாக நொதித்தல் ஆகியவை மறுபகுதி. மிஞ்சியது புகழுக்கான விலை, அது எல்லா நாட்டிலும் உண்டு.

உயரத்து ஒயினில் பீனால் சேர்மங்கள் கூடுதல், ஆகவே உடலுக்கு நல்லது என்று சிலர் விற்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அருந்துபவர் சுவைக்காக, குறைவாக அருந்தட்டும்.

வாங்கும்போது ‘உயரம்’, ‘குடும்பம்’ என்ற சொற்களைவிட ஊர்ப்பெயரைத் தேடுங்கள். குவால்தயாரி, பராஹே அல்தமீரா என்று குறிப்பாக எழுதியிருந்தால் பழம் எங்கே விளைந்தது என்பதற்கு ஒருவர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். ‘மென்டோசா’ என்று மட்டும் இருந்தால் பல உயரங்களின் பழம் கலந்திருக்கலாம். அது குறையன்று, கீழ்த்தோட்டத்தின் கனிவும் மேல்தோட்டத்தின் புளிப்பும் சேர்ந்த நல்ல கலவைகளைக் கத்தேனா குடும்பமே செய்கிறது. ஐயம் தீர வேண்டுமென்றால், ஒரே குடும்பம் ஒரே ஆண்டில் செய்த இரண்டு மால்பெக் குப்பிகளை, ஒன்று 900 மீட்டர் அளவிலான லுஹான் தெ கூயோவிலிருந்து, மற்றொன்று குவால்தயாரியிலிருந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அருந்திப் பாருங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் சிவப்பு ஒயினின் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். முதல் கோப்பையில் பழுத்த பிளம் பழமும் மென்மையான துவர்ப்பும் நாவை நிறைக்கும். இரண்டாவதில் வயலட் பூவும் காட்டு மூலிகையும் முந்தி வரும், நிறம் இன்னும் இருண்டிருக்கும், விழுங்கிய பின்னும் நாவின் ஓரங்களில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும்.